குவீனிக்கு நான் தைத்த நத்தார் உடுப்பு

1

சுன்னாகம் சந்தையில் என்னைப் பற்றிக் கதை அடிபடுகிறதாம். ஊரிலிருந்து இங்கே லண்டனுக்குப் படிக்க வந்த தம்பி ஒருவர், போன கிழமை என் தையல்கடையில் களிசானின் கால் நீளம் குறைக்கக் கொடுத்துவிட்டு, சொல்வதா விடுவதா என்று கதிரை நுனியில் இருந்து நெளிந்தார்.

“என்ன தம்பி, விசயத்தைச் சொல்லும்.”

“கோவிக்கக் கூடாது அண்ணை. உங்கடை மச்சான் தம்பிராசா அண்ணை வெங்காயக் கடையடியிலை நிண்டு போறவாற எல்லாருக்கும் சொல்லுறார். ‘எங்கடை தையல்கார நல்லையன் லண்டனுக்குப் போய் நாயளுக்குச் சட்டை தைக்கிறானாம்’ எண்டு. சனம் விழுந்து விழுந்து சிரிக்குது.”

“நீரும் சிரிச்சீரோ?”

“கொஞ்சம் சிரிச்சனான்தான்.”

உண்மை சொன்ன பிள்ளை. களிசானை அந்த இடத்திலேயே தைத்துக் கொடுத்து அனுப்பினேன்.

ஓம், தைத்தேன். நாய்க்குத்தான் தைத்தேன். இதில் மறைக்க ஒன்றும் இல்லை. ஆனால் தம்பிராசா அரைவாசியைத்தான் சொல்லித் திரிகிறான். மற்ற அரைவாசி அவனுக்குத் தெரியாது. அதனால் நானே எழுதுகிறேன். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுத்துப் பிழை இருந்தால் பத்திரிகைக்காரர் திருத்தட்டும். பெருமையைத் திருத்த வேண்டாம். அது நான் பாடுபட்டுச் சேர்த்தது.

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சுன்னாகம் புகையிரத நிலையத்துக்குப் போகும் றோட்டில், வெங்காயச் சாக்கு அடுக்கிய கடைக்குப் பக்கத்தில், ஒரு கதவு அகலத்தில் தையல்கடை வைத்திருந்தவன் நான். மாப்பிள்ளைச் சேட்டு, பள்ளிக்கூடக் காற்சட்டை, கோயில் தேருக்குத் தொங்கல், எல்லாம் என் கைதான். அளவெட்டி நாதஸ்வரக்காரர் ஒருவர் கொழும்புக் கச்சேரிக்குப் போட்ட பட்டுச் சட்டையும் நான் தைத்ததே. மனிதர் மூச்சை இழுத்து நெஞ்சை விரித்தாலும் பொத்தான் தெறிக்காது. ஆளை நிற்கவைத்து அளந்தால் அந்தச் சட்டை வராது. ஊதவைத்து அளக்க வேண்டும். என் கடை வாசலில் நின்று அவர் ஊத, நான் நாடா பிடிக்க, வெங்காய வியாபாரம் அப்படியே நின்றுபோனது.

2

இவ்வளவு பெயர் எடுத்தவன் ஏன் வெளிக்கிட்டாய் என்று கேட்பீர்கள். அரசாங்கக் கந்தோரிலிருந்து வரும் கடிதமெல்லாம் எனக்குத் தெரியாத மொழியில் வரத் தொடங்கியது. அதை வாசித்துச் சொல்ல ஒருவரைத் தேடி, பதில் எழுத இன்னொருவரைத் தேடி, செருப்புத்தான் தேய்ந்தது. இங்கேயும் கடிதம் தெரியாத மொழியில்தான் வருகிறது. ஆனால் இது அவர்களுடைய நாடு. அவர்கள் மொழியில் எழுதுவது நியாயம்.

வந்து இறங்கிய அன்று விமான நிலையத்தில் மேசைக்குப் பின்னால் இருந்த உத்தியோகத்தர் என் தாள்களை முன்னும் பின்னும் புரட்டினார். என்னை மேலும் கீழும் பார்த்தார். சுவரோரம் கிடந்த நீள மர வாங்கு ஒன்றைக் காட்டி இருக்கச் சொன்னார். எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் போய்விட்டார்கள். நானும் மனைவி பூரணமும், அவள் மடியில் கைக்குழந்தை சாந்தியும் அந்த வாங்கிலேயே இருந்தோம். என்ன வேலை தெரியும் என்று மறுபடியும் கேட்டார். என் இங்கிலீசு அவருக்குப் பிடிபடவில்லை. கடைசியில் சட்டைப் பையிலிருந்த அளவு நாடாவை எடுத்துக் கழுத்தில் போட்டுக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. முத்திரையைக் குத்திவிட்டு, முகத்தைப் பாராமலே, பட்டியில் மாட்டைத் திறந்துவிடுகிற மாதிரி, போ என்று கையை அசைத்தார்.

அந்தக் கை எனக்கு இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது.

அறை தேடிப் போன இடமெல்லாம் கதவு ஒரு சாண் திறந்தது. முகத்தைக் கண்டதும் மூடியது. மிசிஸ் பெல் என்ற வயதான அம்மா ஒருவர்தான் கதவை முழுதாகத் திறந்தார். கழுத்தில் கிடந்த நாடாவைப் பார்த்துவிட்டு, உள்ளே போய்ப் புருசனின் கிழிந்த கோட்டைக் கொண்டுவந்து கையில் தந்தார். தைத்துக் கொடுத்தேன். கிழிசல் எங்கே இருந்தது என்று இருவரும் யன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் தேடினார்கள். காணவில்லை. அவர்களுடைய முன் அறைதான் என் முதல் கடை.

பாசை தெரியாத கூத்துகளும் உண்டு. “உங்களை வெட்டித் தைத்துத் தருகிறேன்” என்று ஒரு துரைக்குச் சொல்லிவிட்டேன். துணியைத்தான் நினைத்தேன். அவர் கோட்டையும் விட்டுவிட்டு வெளியே போகப் பார்த்தார். இன்று அதே துரையின் பேரப்பிள்ளைக்கும் நான்தான் தைக்கிறேன். மிசிஸ் பெல் வீட்டுக்குப் பக்கத்திலேயே சொந்தக் கடை, பின்னால் சொந்த வீடு, வாசலில் கார். அந்தத் தெருவில் பெரிய பெயர்ப்பலகை யாருடையது என்று வருகிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

3

மிஸ்டர் பெல் செத்தபோது விட்டுப்போனது ஒரு நாய். பெயர் குவீனி. பந்தயத்தில் ஓடிக் களைத்த நாயை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்து வளர்த்தார். நம்மூர் நாயை நினைக்க வேண்டாம். முதுகு வில்லுப்போல, வயிறு ஒட்டி, நெஞ்சு மட்டும் ஆழமாக, கழுத்து நீளமாக, தோலோ வெங்காயச் சருகு மாதிரி மெல்லிசு. பனிக்காலத்தில் வெளியே வந்தால் அதற்கு நடுக்கம் பிடிக்கும்.

இந்த நாட்டில் கிறிஸ்து பிறந்த நத்தார் நாளுக்கு நாய்க்கும் உடுப்புப் போடுவார்கள். முதல் தரம் கேள்விப்பட்டபோது நானும் தம்பிராசா சிரித்த மாதிரித்தான் சிரித்தேன். எங்கள் பகுதித் தேவாலய மண்டபத்தில் ஒவ்வொரு நத்தாருக்கு முதலும் உடுத்திய நாய்களைச் சுற்றி நடத்திக் காட்டி, நல்ல உடுப்புக்கு ஒரு கோப்பை கொடுப்பார்கள். மிஸ்டர் பெல் வருடம் தவறாமல் குவீனியைக் கூட்டிப்போவார். அவர் போன பிறகு மிசிஸ் பெல் வேறெங்கும் போவதில்லை. அந்த மண்டபத்துக்கு மட்டும் போவார்.

அப்படிப் போன ஒரு நத்தாரில்தான் கெடுதி வந்தது. கடையில் ஆயத்தமாகத் தொங்கிய உடுப்பு ஒன்றை வாங்கி நாய்க்கு மாட்டியிருந்தார். றப்பர் நாடா கட்டிய வெள்ளைத் தாடி, காலுக்குச் சப்பாத்து, சுற்றிவரச் சின்ன மணிகள். மண்டபத்தில் யாரோ ஒரு பிள்ளை நத்தார் வெடியை இழுத்தது. கடுதாசிக் குழாய்தான், ஆனால் சத்தம் பெரியது. குவீனி வெருண்டு ஓடியது. ஓட ஓட மணி அடித்தது. மணி அடிக்க அடிக்க இன்னும் ஓடியது. தன் உடுப்புக்குப் பயந்து ஓடுகிற பிராணி எங்கே போய் நிற்கும்? நடு றோட்டில் ஒரு பஸ் இழுத்துப் பிடித்து நின்றபடியால் உயிர் தப்பியது.

மண்டபத் தலைவர் மீசை வைத்த பெரிய மனிதர். அடுத்த முறை நாய் ஒழுங்காகச் சுற்றி வந்தால் சரி, வெருண்டால் பிறகு அதைக் கொண்டுவரவே கூடாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

அடுத்த நத்தார் கிட்டிவர மிசிஸ் பெல் என் கடைக் கதிரையில் வந்து இருந்தார். அந்த மண்டபத்தில்தான் தன் புருசனைப் பெயர் சொல்லி விசாரிக்க நாலு பேர் இருக்கிறார்கள் என்றார். அதுவும் போனால் தனக்கு நத்தாரே இல்லை என்றார்.

“என்னிடம் விடுங்கள்” என்றேன்.

4

என் மகள் சாந்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கைக்குழந்தையாக வந்தவள் பதினாறு வயதுக் குமரி ஆகியிருந்தாள். மிருக வைத்தியத்துக்குப் படிக்கப் போகிறேன் என்று சனிக்கிழமைகளில் ஒரு மிருக வைத்தியரிடம் கூடு கழுவப் போவாள். வீட்டில் நாங்கள் தமிழில் கேட்டால் பதில் இங்கிலீசில் வரும். தெருவில் தமிழில் கூப்பிட்டால், அது யாரையோ கூப்பிடுகிற மாதிரிக் கடைக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு போவாள். கோபம் வந்தால் மட்டும் நல்ல தமிழ் வரும். அதனால் நான் அவளை அடிக்கடி கோபப்படுத்துவேன்.

குவீனிக்கு நான் முதலில் தைத்த உடுப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சிவப்பு வெல்வெட். ஓரமெல்லாம் சரிகை. நெற்றிக்கு ஒரு பட்டம், அதிலிருந்து குஞ்சம். நெஞ்சில் பித்தளைப் பொத்தான் வரிசை. மணி வேண்டாம் என்ற அளவுக்கு எனக்குப் புத்தி இருந்தது. மாட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். நாய் அசையவில்லை. வெட்டிவைத்த சிலைதான். மிசிஸ் பெல் கை தட்டினார்.

அந்த நேரம் பார்த்துச் சாந்தி உள்ளே வந்தாள்.

“அப்பா, உதைக் கழட்டுங்கோ.”

“ஏன் பிள்ளை? எப்பிடி நிக்குது பார். பட்டிப்பொங்கலுக்கு மாலை போட்ட நாம்பன் மாடு உப்பிடித்தான் நிக்கும். தனக்கு மரியாதை செய்யினம் எண்டு அதுக்குத் தெரியும்.”

“மரியாதையும் மண்ணும். பயத்திலை விறைச்சுப்போய் நிக்குது. வாலைப் பாருங்கோ, வயித்துக்குக் கீழை போட்டுது. சும்மா சும்மா வாயை நக்குது. கண்ணிலை வெள்ளை தெரியுது.”

“நீ நேற்று நாயைக் கண்டனி. நான் மாட்டுக்கே உடுப்புத் தைச்சவன்.”

“அந்த மாடு வந்து உங்களிட்டை நல்லாயிருக்கு எண்டு சொன்னதோ?”

நான் பதிலுக்கு வாயைத் திறக்க, குசினிக் கதவில் நின்ற பூரணம் குறுக்கே வந்தாள். நான் எங்கே மிதக்கிறேனோ அங்கே ஓட்டை போடுவது அவள் வழக்கம்.

“இஞ்சருங்கோ, கந்தையா அண்ணையின்ரை நாம்பன் புல்லுத் தின்னாத கதையையும் பிள்ளைக்குச் சொல்லுங்கோவன்.”

5

கந்தையா அண்ணை அளவெட்டிக்காரர். மாட்டுவண்டிச் சவாரிப் போட்டியில் அவருடைய சோடிக்கு முன்னால் ஒரு வண்டி போனால், அன்றைக்கு அவர் வீட்டில் அடுப்பு எரியாது. அவ்வளவு ரோசம். தொண்டையும் அப்படித்தான். அளவெட்டியில் கதைத்தால் சுன்னாகத்தில் கேட்கும்.

ஒரு பட்டிப்பொங்கலுக்கு அவருடைய கறுவல் நாம்பனுக்கு முதுகுப் போர்வையும் நெற்றிப் பட்டமும் தைத்துக் கொடுத்தேன். அதுவும் வெல்வெட்தான். குளிப்பாட்டிச் சந்தனம் பூசி, என் உடுப்பை மாட்டி நிறுத்தினார்கள். கறுவல் அசையாமல் நின்றது. ஊர் கூடிப் பார்த்தது. “நல்லையன்ரை கை பொன் கை” என்று ஒரு கிழவர் சொன்னார். இந்த இடம்வரை நான் லண்டனில் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். மிச்சத்தை யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

மிச்சம் இதுதான். கந்தையா அண்ணை ஒரு பிடி பச்சைப் புல்லைக் கறுவலின் வாயடியில் நீட்டினார். அது முகரவும் இல்லை.

“டேய் நல்லையா, இஞ்சை வா” என்றார். ஊர் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

“என்னண்ணை?”

“உனக்கென்ன, மாடு கல்லோ? சவாரிக்குப் பூட்டினாலும் சரி, சோடிச்சு விட்டாலும் சரி, ஒரு பிடி புல்லு நீட்டிப் பாக்க வேணும். திண்டால் கட்டுச் சரி. தின்னாட்டில் எங்கையோ பிடிக்குது. நீ ஊருக்குத் தைச்சிருக்கிறாய். மாட்டுக்குத் தைக்கேல்லை.”

சொல்லிவிட்டு நெற்றிப் பட்டத்தை உரித்து எறிந்தார். குஞ்சம் கண்ணை மறைத்துக்கொண்டிருந்திருக்கிறது. கழுத்துக் கயிற்றுக்குள் இரண்டு விரலை விட்டுப் பார்த்து அதையும் தளர்த்தினார். கறுவல் தலையிலிருந்து வால்வரை ஒரு முறை உலுப்பியது. பிறகு புல்லைத் தின்றது.

இதைச் சொல்லி முடிக்க, சாந்தி மேசையிலிருந்த விசுக்கோத்து ஒன்றை எடுத்து என் கையில் வைத்தாள். குவீனிக்கு விசுக்கோத்து என்றால் உயிர். தெருமுனையில் பெட்டி திறந்தால் ஓடிவரும். நீட்டினேன். அது என் கையையும் பார்க்கவில்லை, விசுக்கோத்தையும் பார்க்கவில்லை. எங்கோ சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது.

வெல்வெட்டை நானே கழற்றினேன். நாய் தலையிலிருந்து வால்வரை உலுப்பியது. விசுக்கோத்து என் கையை விட்டுப் போனதே தெரியவில்லை.

“சரி பிள்ளை,” என்றேன், “அந்த நாடாவை எடு.”

6

இனித்தான் என் திறமையைச் சொல்லப் போகிறேன். பிழையைப் பிடித்தது மகள். சரியாகத் தைத்தது நான். இரண்டும் எங்கள் வீட்டுச் சொத்து.

முதலில் அளவு. நாதஸ்வரக்காரரை ஊதவைத்து அளந்தவன், நாயை நிற்கவைத்து மட்டும் அளந்துவிட்டேனே என்று என்மேல் எனக்கே சிரிப்பு வந்தது. இந்த முறை நிற்கவைத்து அளந்தேன், இருத்தி அளந்தேன், படுக்கவைத்து அளந்தேன், சாந்தி அதை முற்றத்தில் ஓட்டிக் காட்ட, நெஞ்சு எவ்வளவு விரிகிறது என்று பார்த்தேன். முன்னங்கால் வீசுகிற இடத்தில் துணியே வராதபடி வெட்டினேன். வயிற்றுப் பக்கம் உயர்த்தி வெட்டினேன். பெட்டை நாய் குந்திச் சலம் விட்டாலும் துணி நனையக் கூடாது. நீளம் வால் தொடங்குகிற இடத்தோடு சரி. வால் நாயின் வாய் மாதிரி, அதை மூடக் கூடாது என்று சாந்தி சொன்னாள். தலைக்கு ஒன்றுமே இல்லை.

துணிக்கு அலுமாரியைத் திறந்தேன். ஊரிலிருந்து கொண்டுவந்த நூல் வேட்டி ஒன்று. தோய்த்துத் தோய்த்துப் பூமாதிரி ஆகியிருந்தது. சிவப்புக் கரை.

“உது கலியாணத்துக்கு அடுத்த நாள் உடுத்த வேட்டியெல்லோ” என்றாள் பூரணம்.

“ஓம். அதைவிட மெதுவான துணி இந்த நாட்டிலை இல்லை.”

“எனக்கு முகம் துடைக்க ஒரு லேஞ்சி தைக்கக் கேட்டதுக்குத் தரேல்லை.”

“நீ பந்தயம் ஓடினனியோ?”

உள்ளே வேட்டித் துணி, வெளியே குளிருக்குச் சிவப்புக் கம்பளி, ஓரத்துக்கு அதே வேட்டிக் கரை. தையல் மடிப்பு ஒன்றுகூடத் தோலில் படாமல் வெளிப்பக்கம் திருப்பினேன். பொத்தான் இல்லை, சரிகை இல்லை. கடித்து எடுத்து விழுங்கக்கூடிய ஒன்றும் இல்லை. பூட்டுக்குக் கரகரவென்று ஒட்டிப் பிரிகிற பட்டி. எங்கேயாவது கொழுவி இழுபட்டால் உடுப்புக் கழன்று விழ வேண்டும், நாய் தொங்கக் கூடாது. கழுத்தில் இரண்டு விரல் இடம். கந்தையா அண்ணையின் விரல் தடிப்பமானது என்றபடியால் இன்னும் கொஞ்சம் விட்டேன்.

உடுப்பு ஆயத்தம் என்றவுடன் போட்டுவிடச் சாந்தி விடவில்லை. முதல் நாள் முதுகில் சும்மா போட்டு ஒரு விசுக்கோத்து. அடுத்த நாள் ஒரு பட்டி ஒட்டி ஒரு விசுக்கோத்து. அலுக்க முன்னம் கழற்றிவிடுவாள். வீட்டுச் சூட்டில் போட்டு வைக்கவும் விடமாட்டாள். உடுப்போடு தனியே விட்டுவிட்டு ஒருவரும் அறையை விட்டுப் போகக் கூடாது. எங்கள் வீட்டில் வைத்துப் பழக்கியபடியால் பேச்செல்லாம் தமிழ். “வா, இரு, ஒண்டுமில்லை, கெட்டிக்காரி.” பூரணம் கோபத்தில் சொன்ன இரண்டொரு சொல்லும் அதற்கு விளங்கத் தொடங்கியது.

நாயைக் குசினி வாசலுக்கு அங்கால் விடாத பூரணமும் மெல்ல இளகினாள். ஒரு நாள் கை கழுவிக்கொண்டு வந்து நின்றாள்.

“நாயெண்டால் வைரவர் சாமியின்ரை வாகனம். வடை சுட்டனான். ஒரு வடை மாலை கோத்துப் போட்டால் எடுப்பாயிருக்கும்.”

“அம்மா, நூலோடை விழுங்கும். குடலிலை சிக்கினால் வெட்டித்தான் எடுக்க வேணும்.”

“அப்ப நூல் இல்லாமல் கையிலை குடுக்கிறன்.”

“வெங்காயம் போட்டனீங்களோ?”

“வெங்காயம் இல்லாமல் என்ன வடை?”

“வெங்காயம் நாய்க்கு நஞ்சு.”

சுன்னாகத்தான் வீட்டுக்குள் வெங்காயத்தைப் பற்றி அப்படி ஒரு சொல் அதற்கு முதல் விழுந்ததில்லை. பூரணம் என்னைப் பார்த்தாள். நான் வடைகளை வைரவருக்குப் பதிலாக நின்று தின்று முடித்தேன்.

7

மண்டபம் நிறையச் சனம். கொம்பு வைத்த நாய், தாடி வைத்த நாய், தடித்த கோட்டுக்குள் நாக்கைத் தொங்கவிட்டு இளைக்கிற நாய். ஒரு சின்ன நாய் சப்பாத்தோடு நடக்கத் தெரியாமல் ஒவ்வொரு காலாகத் தூக்கித் தூக்கி நின்றது. சனம் சிரித்தது. நானும் முந்தி என்றால் சிரித்திருப்பேன்.

மிசிஸ் பெல் குவீனியோடு நடுவுக்கு வந்தார். நாயின் வாரைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தார். என் உடுப்பு மற்றவற்றுக்குப் பக்கத்தில் சாதாரணமாகத்தான் தெரிந்தது. சிவப்பு, ஓரத்தில் கரை, அவ்வளவுதான். “இதுதானா உடுப்பு” என்று யாரோ பின்னால் கேட்டது என் காதில் விழுந்தது. மண்டபத் தலைவர் கையைக் கட்டிக்கொண்டு நாயையே பார்த்தார்.

அரைச் சுற்று வந்திருப்பார்கள். பின்வரிசையில் டப்பென்று ஒரு நத்தார் வெடி.

குவீனி நின்றது. காது பின்னால் போனது. ஒரு கால் தூக்கினபடி. அது கதவைப் பார்த்தது. நானும் கதவைப் பார்த்தேன். மிசிஸ் பெல் கண்ணை மூடிக்கொண்டார்.

சாந்தியின் பள்ளிக்கூடச் சினேகிதிகள் முன்வரிசையில் இருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் இருந்த சாந்தி எழும்பி, நிலத்தில் குந்தி, மண்டபம் முழுக்கக் கேட்கத் தமிழில் சொன்னாள்:

“குவீனி, ஒண்டுமில்லை. வா. கெட்டிக்காரி, வா.”

நாயின் காது முன்னால் வந்தது. தலையிலிருந்து வால்வரை ஒரு முறை உலுப்பியது. உடுப்பு அதோடு சேர்ந்து அசைந்து, அதோடு சேர்ந்து அடங்கியது. மணி இல்லை, இழுப்பு இல்லை. பிறகு மிசிஸ் பெல்லைக் கூட்டிக்கொண்டு நடந்தது. ஓம், நாய்தான் அவரைக் கூட்டிக்கொண்டு போனது. சுற்றை முடித்து, மண்டபத் தலைவரின் சப்பாத்தடியில் நின்று, பின்னங்காலால் காதைச் சொறிந்து, இரண்டு தரம் வட்டமிட்டு, உடுப்போடு சரிந்து படுத்து நித்திரையாகிவிட்டது.

சனம் முதலில் சிரித்தது. பிறகு எழும்பி நின்று கை தட்டியது. தலைவர் குனிந்து பார்த்தார். தடவிப் பார்த்தார். மீசைக்குள் ஏதோ சொன்னார். சாந்தி எனக்கு மொழிபெயர்த்தாள்: உடுத்தியிருப்பதை மறந்துபோன நாய் இந்த மண்டபத்தில் இது ஒன்றுதானாம். கோப்பை மிசிஸ் பெல்லின் கைக்கு வந்தது. அவர் அதை உடனே என் கைக்கு மாற்றப் பார்த்தார். நான் வாங்கவில்லை. அது மிஸ்டர் பெல்லின் படத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய சாமான்.

யார் தைத்தது என்று நாலாபக்கமும் கேட்டார்கள். சாந்தி என் தோளில் கை போட்டு, இங்கிலீசில், எனக்கே விளங்குகிற இங்கிலீசில், “என் அப்பா” என்றாள்.

8

இப்போது நத்தார் வந்தால் என் கடையில் மனிசருக்குச் சரியாக நாய்களும் வரிசையில் நிற்கின்றன. அதைத்தான் தம்பிராசாவுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஆனால் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மண்டபத்தார் கூடிப் பேசி, உடுத்திய நாய் ஒவ்வொன்றையும் வாசலில் வைத்துப் பார்த்துத்தான் உள்ளே விடுவது என்று தீர்மானித்தார்கள். பார்க்கிற ஆள் யார்? நாலாம் வகுப்பு நல்லையன். போன நத்தாருக்கு வாசலில் ஒரு மேசை, கதிரை, பக்கத்தில் ஒரு வாங்கு. என் கழுத்தில் அளவு நாடா. பக்கத்தில் சாந்தி. அவள் இப்போது மிருக வைத்தியத்துக்கே படிக்கிறாள். லீவில் வந்திருந்தாள். மிசிஸ் பெல்லும் கிழட்டுக் குவீனியும் எல்லாருக்கும் முதலே உள்ளே போய் இருந்துவிட்டார்கள்.

மண்டபத் தலைவர் தன் புது நாயோடு வந்தார். நாய்க்குத் தலையில் கொம்பு, கழுத்தில் இறுகப் பட்டி, அதில் மணி. என்னைப் பார்த்து அவசரமாகத் தலையை ஆட்டிவிட்டு நேரே உள்ளே போகப் பார்த்தார்.

“அப்பா, கழுத்துக்கை ரெண்டு விரல் போகுதோ எண்டு பாருங்கோ” என்றாள் சாந்தி. தெருவில், வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் முன்னால், தமிழில், கோபம் ஒன்றும் இல்லாமல்.

“ஒரு விரலும் போகேல்லைப் பிள்ளை.”

நான் அந்தப் பெரிய மனிதரைப் பார்த்தேன். வாங்கைக் காட்டினேன். “இருங்கள், ஐயா. மணியையும் கொம்பையும் கழற்றுங்கள். பட்டியைத் தளர்த்துங்கள்.” அவர் இருந்தார். வரிசையில் பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராக அவரைக் கடந்து உள்ளே போனார்கள். அவர் குனிந்து ஒவ்வொன்றாகக் கழற்றினார். முடித்துவிட்டு, தன் முறை எப்போது வரும் என்று என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் புதிதில்லை. பூரணத்தோடும் குழந்தையோடும் நானும் ஒரு வாங்கிலிருந்து அப்படிப் பார்த்திருக்கிறேன்.

நாயின் வாயடியில் விசுக்கோத்தை நீட்டினேன். அது ஒரு முறை உலுப்பியது. எடுத்துக் கறுமுறுவென்று தின்றது.

கையை மட்டும் அசைத்து விட்டிருக்கலாம். நான் எழும்பிப் போனேன். மிசிஸ் பெல் எனக்குத் திறந்த மாதிரிக் கதவை முழுதாகத் திறந்து பிடித்து, முகத்தைப் பார்த்து, “வாருங்கள், ஐயா” என்றேன்.

தம்பிராசா, வெங்காயக் கடையடியில் நின்று சொல்கிறதென்றால் இதுவரைக்கும் சேர்த்துச் சொல்.